ஆள் வந்துக்கிட்டே இருக்கு

இல்லம்மா, அந்த ரெண்டு சார்ஜர்லயும் கரண்டு வராது. தலையில பிளாஸ்டிக் பையக் கவுத்து வச்சிருக்காங்க பாருங்க, செத்துப்போச்சுன்னு அர்த்தம். அதோ ஓரத்துல இருக்கறதோட கேபிள யாரோ வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள செம்பு இருக்குல்ல. நீங்க மாட்டியிருக்கீங்களே, இந்த ரோட்டுக்கே உசுரோட இருக்கறது அது ஒண்ணுதான். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. வேற எங்கயும் போயிருக்கவும் முடியாது, அது வேற விஷயம்.

சத்தமா? எந்தச் சத்தம்? ஓ, ஃபேன் நின்னுருச்சுன்னு பாக்கறீங்களா. அது அப்படித்தாம்மா. மாட்டின உடனே காட்டுக் கத்து கத்தும், அப்புறம் அதுபாட்டுக்கு அடங்கிடும். நீங்க ஏன் அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. அந்த ஸ்கிரீனும் வெயில்ல வெந்து வெந்து கறுத்துப்போச்சு, ஒரு எழுத்தும் தெரியாது. நிழலுக்கு வாங்க. இந்த பெஞ்சுல ஒரு காலு ஆடும், இந்த ஓரமா உக்காந்தா ஆடாது.

நானா? நான் சார்ஜ் போட வரலம்மா. என் வண்டிக்கு வீட்லயே போட்டுட்டேன். அதோ, எதிர்ல சாம்பல் கலர்ல நிக்குதே. ஒருத்தர் வரணும், அதுக்காக உக்காந்திருக்கேன்.

பின் சீட்ல யாரு, அம்மாவா? ஒடம்பு சரியில்லையா. அதான் தலையோட இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருக்காங்க. தூங்கட்டும். இல்லல்ல, நான் கிட்டப் போகல. கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி விட்டா நல்லதேன்னு சொல்ல வந்தேன். இறக்கியிருக்கா? சரி சரி. உக்காருங்க நீங்க. எதுக்கு வண்டிய மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க, வெயில் பூரா உங்க மேலதான் அடிக்குது.

டாய்லெட் அந்தப் பக்கம்தான், ஆனா பூட்டு தொங்குது. பின்னால நிக்குதே இந்தக் கட்டடம், ஓட்டலா வந்திருக்க வேண்டியது. மூணாவது மாடி எழுப்பினாங்க, அதோட விட்டுட்டுப் போயிட்டாங்க. லிஃப்ட்டுக்குக் குழி மட்டும் வெட்டி வச்சிருக்காங்க. நான் எட்டிப் பாத்தேன், உள்ள மழைத்தண்ணி நிக்குது. எங்க போனாலும் லிஃப்ட்டு குழிதான் என் கண்ணுல படும். காபி மெஷின் ஒண்ணு இருக்கு, காசப் போட்டா வெந்நீர் தரும். பாதி நேரம் கப்பு தராது.

வெளியூர் கிளம்பினா மத்த ஜனங்க எங்க நிறுத்திச் சாப்பிடலாம்னு யோசிப்பாங்க. நம்மள மாதிரி கரண்டு வண்டி வச்சிருக்கறவங்க எங்க நிறுத்தி மாட்டலாம்னு யோசிக்கணும். சார்ஜர் பக்கத்துல ரெண்டு பேரு சந்திச்சா நல்லா இருக்கீங்களான்னு கேக்கறதே இல்ல, கவனிச்சிருக்கீங்களா? எத்தனை பர்சன்ட்னுதான் கேப்பாங்க. நீங்க வரும்போது எவ்வளவு இருந்துச்சு?

ஒம்போதா! அடேயப்பா. உசுரக் கையில புடிச்சுக்கிட்டுதான் வந்திருக்கீங்க. அடுத்த சார்ஜர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. ஏத்தம் பூரா பேட்டரிய உறிஞ்சிடும். ஒம்போத வச்சுக்கிட்டுக் கிளம்பினா நடு மலையில வண்டி படுத்துக்கும், கூப்பிடறதுக்கு டவர்கூட இருக்காது. அதுக்குத்தான் சொல்றேன், பறக்காதீங்க. பொறுமையா உக்காருங்க.

எங்க போறீங்க? சும்மாதான் கேட்டேன். சொல்ல வேணாம்னா வேணாம். முன்ன பின்ன தெரியாதவன் கேட்டா சொல்லக் கூடாது, அதுதான் சரி. என்ன வேலைன்னாவது கேக்கலாமா? பேங்க்லயா. நல்ல வேலை, உக்காந்து பாக்கற வேலை.

எனக்கு லிஃப்ட்டு கம்பெனில. இல்லம்மா, ரிப்பேர் இல்ல. எனக்கு ஸ்குரூடிரைவர் புடிக்கவே தெரியாது. லிஃப்ட்டு நடுவுல நின்னுருச்சுன்னா உள்ள ஒரு சிவப்பு பட்டன் இருக்கும்ல, அத அமுக்கினா ஒரு குரல் வரும். அந்தக் குரல் நான்தான். கதவத் தொறக்கறது வேற ஆளு. என் வேலை பேசறது மட்டும்தான். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, சிரிச்சா நல்லாத்தான் இருக்கு, வந்ததுலேருந்து முகத்தக் கல்லு மாதிரி வச்சிருந்தீங்க.

அது லேசுப்பட்ட வேலை இல்லம்மா. உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு மொத கொஞ்ச நேரம் ஒண்ணும் தோணாது. அப்புறம் நாலு செவுரும் கிட்ட கிட்ட வர்ற மாதிரி இருக்கும். கதவப் போட்டுத் தட்டுவாங்க. விரல விட்டு நெம்புவாங்க. அங்கதான் ஆபத்து. கதவு பாதி தொறந்து, லிஃப்ட்டு நடு மாடில நின்னுக்கிட்டு இருக்க, இறங்கிடலாம்னு காலக் கீழ விட்டு... வேணாம், அத விடுங்க. அதனால பேச்ச நிறுத்தவே கூடாது. மழை, மூட்டு வலி, பசங்க படிப்பு, எது வேணாலும் பேசலாம். நடு நடுவுல, பயப்படாதீங்க, கதவத் தட்டாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். சில சமயம் ஆளு எங்கயோ டீ குடிச்சுக்கிட்டு இருப்பான். அது நம்ம குரல்ல தெரியக் கூடாது. எங்க வீட்டம்மா சொல்லுவா, நீங்க உப்பு எங்கன்னு கேட்டாக்கூட நான் எங்கயோ மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்குன்னு.

கார்டக் காட்டித்தானே ஆரம்பிச்சீங்க? பாத்தேன், அதான் கேக்கறேன். ஆப் வேலை செய்யலையா? அந்த ஆப்பச் செஞ்சவன இந்த ரோட்டுல ஒரு தடவை ஓட்ட விடணும்மா. பாஸ்வேர்டு கேக்கும், நம்பர் அனுப்பறேங்கும், நம்பர் வராது, வளையம் சுத்திக்கிட்டே இருக்கும். கார்டுதான் நிம்மதி. எங்க வீட்லயும் கார்டுதான். குடும்பக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? குடும்பத் தலைவர் பேர்ல கணக்கு, ஆளுக்கொரு கார்டு. தலைவர் நான்தான். வீட்ல என்னைத் தலைவர்னு ஒருத்தரும் சொன்னதில்ல, அந்த ஆப் மட்டும்தான் சொல்லுது.

எனக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு. எங்க வீட்டம்மாவுக்கும் ஒண்ணு வந்துச்சு. அவ வண்டியே ஓட்ட மாட்டா. காத்துல ஜன்னல் அடிச்சுக்குதுன்னு அத மடிச்சு இடுக்குல சொருகி வச்சிருக்கா. எல்லாம் ஒரே மாதிரி பச்சை அட்டை. மாறிப் போயிடும்னு மருமக தன்னோடதுல நகப்பாலிஷ தொட்டு மூலையில சின்னதா ஒரு புள்ளி வச்சுக்கிட்டா. சிவப்புப் புள்ளி.

கைப்பைய எதுக்கும்மா அந்தப் பக்கம் நகத்தறீங்க? நான் எடுக்கவா போறேன்.

பையனும் மருமகளும் சிட்டில இருக்காங்க. நாங்க இந்தப் பக்கம், ரோட்ட விட்டு உள்ள போனா எங்க வீடு. நேத்து காலையில மருமக வீட்ட விட்டுப் போயிட்டா. சத்தமில்ல, சண்டையில்ல. அவன் குளிச்சுட்டு வந்து பாத்தா ஆளக் காணோம். போன மேசை மேல வச்சுட்டா, அது இருக்கற இடத்தக் காட்டிக் குடுத்துரும்ல. அவ வண்டிச் சாவி ஆணியில மாட்டினபடி. வளையலு, சங்கிலி எல்லாத்தையும் கழட்டி சோப்பு டப்பாவுக்குள்ள போட்டு மூடி வச்சிருக்கா. ரொம்ப நாளா யோசிச்சிருக்கணும். இல்லன்னா சோப்பு டப்பா யாருக்குத் தோணும்.

பையன் தேடாத இடமில்ல. அவ அக்கா வீடு, ஆபீஸு, பஸ் ஸ்டாண்டு. ராத்திரி எனக்குப் போன் பண்ணி அழுதான். தோளுக்கு மேல வளந்தவன், அப்பா அப்பான்னு தேம்பறான். அவன் அழுதா என்னால தாங்க முடியாதும்மா. கோவக்காரன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அழும்போது பாத்தீங்கன்னா, நாலு வயசுல பொம்மை ஒடஞ்சதுக்கு அழுதானே, அதே மூஞ்சி. பொம்மைய ஒடச்சதும் அவன்தான். அழுததும் அவன்தான்.

இன்னிக்கு மத்தியானம் சாப்பிட உக்காந்தேன். போன் டிங்னுச்சு. உங்க கணக்குல சார்ஜ் ஆரம்பிச்சிருக்குன்னு. எனக்குப் புரியல. நான் தட்டு முன்னால உக்காந்திருக்கேன், என் வண்டி வாசல்ல நிக்குது. பையன் வண்டி அவன்கிட்ட. யாருடா நம்ம கணக்குல மாட்டறதுன்னு பாத்தா, மருமக கார்டு. முந்தின ஊர்ல, அந்தப் பழைய மெஷின்ல.

அவதான் வண்டியே எடுத்துட்டுப் போகலையே! அப்புறம்தான் மெதுவா ஓடிச்சு எனக்கு. யாரோ அவளக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. அவங்க ஆப் படுத்திருக்கும், வளையம் சுத்தியிருக்கும், பாவம் திணறியிருப்பாங்க. அவளால அதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதும்மா. யாரு கஷ்டப்பட்டாலும் மொதல்ல கை நீட்டறது அவதான். போர்வைக்குள்ளேருந்து கைய நீட்டி, இந்தாங்க, இத வச்சுக்கோங்கன்னு குடுத்திருப்பா. போன விட்டா, சாவிய விட்டா, போட்டிருந்த நகைய விட்டா. ஒரு அட்டை பர்ஸுல கிடந்தது ஞாபகம் இல்ல. அங்கயே கிடந்திருந்தா அதால ஒண்ணும் இல்ல. உதவி பண்ணப் போய்த்தான்.

எந்திரிக்காதீங்க. உக்காருங்கம்மா. நான் கத்தினேனா? கைய நீட்டினேனா? வண்டியத்தான் பூட்டிட்டீங்களே, வந்த உடனே சாவிய அமுக்கினீங்க, கீக்னுச்சு. வெளியாளு யாரும் தொறக்க முடியாது. அப்புறம் என்ன பயம்.

இல்ல, நான் ஒண்ணும் துப்பறியல. அந்தப் பழைய மெஷின் கொஞ்சம் ஏத்திட்டுத் துப்பிடும், இந்த ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியும். அங்கேருந்து கிளம்பினா இங்கதான் வந்தாகணும். எனக்கு வீடு பக்கம். வந்து உக்காந்தேன், அவ்வளவுதான்.

சரி, பின் சீட்ல இருக்கறது உங்க அம்மான்னே வச்சுக்குவோம். நீங்களும் பேங்க்லயே வேலை பாருங்க. ஆனா பேங்க்ல வேலை பாக்கறவங்க வண்டிக்குள்ள முன்பக்கம் எதுக்கும்மா அந்த நீல ரப்பர் பந்து? கைக்குப் பயிற்சி குடுக்கறது அது. மருமகளுக்கு மணிக்கட்டுல கட்டுப் பிரிச்சப்புறம் ஒரு பிசியோ பொண்ணுகிட்ட போய்க்கிட்டு இருந்தா. ஒரு தடவை அங்கேருந்தே வீடியோல கூப்பிட்டா. அத்தை பாருங்க, மாமா பாருங்க, அமுக்கறேன்னு. பந்து நசுங்கவே இல்ல, அவ முகம்தான் நசுங்குச்சு. பின்னாலேருந்து ஒரு குரல், இன்னும் கொஞ்சம், வலிச்சா வலிக்கட்டும்னு. ஆளு தெரியல, குரல் மட்டும்தான். எனக்கு முகம் மறந்துரும்மா, குரல் மறக்காது. என் பொழப்பே அதுதானே. நீங்க வண்டிலேருந்து இறங்கி, சார், இது வேலை செய்யுமான்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுருச்சு.

கை எப்படி ஒடைஞ்சுதுன்னு என்னைக் கேக்கறீங்களா. உங்களுக்கு அவ சொல்லியிருப்பாளே. எங்ககிட்ட சொன்னது, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு. ரெண்டு பேரும் அதத்தான் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி, ஒரு வார்த்தை மாறாம சொன்னாங்க. அந்த பாத்ரூமுக்கு டைல்ஸ் வாங்கிப் போட்டதே நான்தாம்மா. கல்யாணமான புதுசுல. நாளைக்குக் குழந்தை குட்டின்னு வரும், வழுக்கக் கூடாதுன்னு கடை கடையா ஏறி, செருப்பக் கழட்டிட்டுக் காலால தேச்சுப் பாத்து வாங்கினேன். தண்ணிய ஊத்தி, சோப்பையும் போட்டு நடந்து பாத்தேன். கடைக்காரன் சிரிச்சான். உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதுல எப்படி வழுக்கும்? நானும் என்னையே கேட்டுப் பாத்துட்டேன். சோப்பு நுரை நிறைய இருந்திருக்கும். வேற ஏதாவது கால்ல தடுக்கியிருக்கும். ஒவ்வொரு பதிலா வச்சுப் பாப்பேன், ஒண்ணும் அந்த டைல்ஸ்ல நிக்காது.

அப்ப எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறீங்க. நல்ல கேள்விதான்.

ஆமாம்மா. நீங்க சொல்றது சரி. அந்த மெசேஜ் என் போனுக்கு மட்டும்தான் வரும். தலைவருக்கு மட்டும்தான். பையனோட ஆப்ல அவன் கார்டு மட்டும் தெரியும், மத்தவங்களோடது தெரியாது. நான் வாயத் தொறக்கலன்னா அவனுக்குத் தெரிய வழியே இல்ல. அதைத்தான் நானும் யோசிச்சேன். தட்டு முன்னால உக்காந்து, போனக் கவுத்து வச்சுட்டு, சோறு காயற வரைக்கும் யோசிச்சேன். பேசாம மெசேஜ அழிச்சுட்டுக் கைய கழுவிக்கிட்டு எந்திரிச்சா என்ன? மருமக எங்கயோ போய் நல்லா இருக்கட்டும். மலை தாண்டிட்டா அவ அக்கா வீட்டுக்காரரோட சொந்த ஊரு, அங்க ஒரு பெரிய குடும்பம், நெறைய ஆளுங்க இருக்காங்க. அவன் அங்க போய் வாலாட்ட முடியாது. அங்கதானே போறீங்க? சொல்ல வேணாம்.

அழாதீங்க. நான் அவள வெறுக்கறேன்னு நெனைக்கறீங்களா? என் மக மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மகளா இருந்தா இந்த மெசேஜுக்கு நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். அந்த யோசனைய மட்டும் முடிக்கவே இல்ல. பாதியிலயே நிறுத்திட்டேன்.

இருங்க, போன். சொல்லு. ம். ஆமா, இங்கதான். இல்ல, முகம் பாக்கல, போத்திக்கிட்டுப் படுத்திருக்கா. சாப்பிட்டாளான்னு எப்படி இப்பக் கேக்கறது, பைத்தியம் மாதிரி பேசாத. அவன் எங்க வர்றானாம்? பாலம் தாண்டிட்டானா. சரி, மெதுவா வரச் சொல்லு, வளைவுல லாரி வரும். வை.

எங்க வீட்டம்மாதான். கொழுக்கு மொழுக்குன்னு இருந்த புள்ள எளைச்சுப் போயிட்டா, ஏதாவது வாங்கிக் குடுங்கன்னு சொல்றா.

ஏம்மா ஓடறீங்க. கேபிளப் புடுங்கணுமா? புடுங்குங்க, நான் தடுக்கல. பாத்தீங்களா, இழுத்த உடனே வந்துருச்சு. சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்தா வராது, பூட்டிக்கிட்டு நிக்கும். அது ஓடவே இல்லம்மா. நீங்க கார்டக் காட்டின உடனே என் போன் டிங்னுச்சு. எதிர்ல வண்டிக்குள்ளதான் உக்காந்திருந்தேன். ஆப்ல கீழ ஒரு பட்டன் வரும், நிறுத்துன்னு எழுதியிருக்கும். அதுவும் சிவப்புதான். ஃபேன் சத்தம் நின்னுபோச்சேன்னு கேட்டீங்களே, அத அமுக்கினதுலதான். வரும்போது ஒம்போது. இப்பவும் ஒம்போதுதான் இருக்கும். அத வச்சுக்கிட்டு எங்க போவீங்க? மலையிலயா போய் நிப்பீங்க, ரெண்டு பொம்பளைங்க? இங்கயாவது நான் இருக்கேன்.

நல்லாப் பேசுவான்மா. என்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கான், பேச மட்டும்தான் செய்வேன்னு. போன தடவையும் பண்ணினான்தான். இருந்தாலும் பெத்தவன் நம்பாம வேற யாரு நம்பறது? நான் இந்தக் கையால ஒருத்தரையும் அடிச்சதில்லம்மா. அவனே என்கிட்ட ஒரு அடி வாங்கினதில்ல. எங்கேருந்து கத்துக்கிட்டான்னுதான் தெரியல. நான் என்ன பண்ணினேன் சொல்லுங்க. ஒரு பட்டன அமுக்கினேன். கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தேன். வேற என்ன பண்ணினேன்?

என் சாவியா? என் வண்டிச் சாவிய எதுக்குக் கேக்கறீங்க. ஃபுல்லாத்தான் இருக்கு, மலை தாண்டி அந்தப் பக்கம் வரைக்கும் தாராளமா போகும். சாவி இதோ, என் சட்டைப் பையிலதான் இருக்கு. நான் குடுக்கலாம். குடுக்கறதுக்குக் கை வரலம்மா. மத்தியானத்துலேருந்து அந்தக் கை எங்கிட்டயே இல்ல.

பாருங்க, போர்வை நகருது. முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கா, பாவம், எவ்வளவு நேரம் மூச்ச அடக்கிக்கிட்டு. அந்த வளைவுல தூசி கிளம்புது பாருங்க, வெள்ளையா. அவன்தான். ரோட்டப் பாத்து ஓட்டவே மாட்டான். நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்கம்மா, குறுக்க நிக்காதீங்க.

கண்ணாடியத் தட்டறா. தட்டாத கண்ணு. மாமா இங்கதான் இருக்கேன். பயப்படாத, கதவத் தட்டாத. ஆள் வந்துக்கிட்டே இருக்கு.